எனக்கும் ஓ, அவருக்கும் ஓ, பிள்ளைக்கு மட்டும் எப்படி ஏ?

தேன்மிட்டாய் | செவ்வாய், இரவு 11.48

தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன். மகள் யூகேஜி படிக்கிறாள். ஐடி கார்டு அடிக்க ரத்த வகை வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள். பக்கத்துத் தெரு லேபில் எடுத்ததில் ஏ பாசிட்டிவ். எனக்கு ஓ பாசிட்டிவ். கல்லூரி முகாமில் ரத்தம் கொடுத்தபோதும் அதுதான், பிரசவத்துக்குச் சேர்ந்தபோதும் அதுதான். கணவரின் டிரைவிங் லைசென்ஸிலும் ஓ பாசிட்டிவ்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தார். அவர் பையன் பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறான். ஐடி கார்டு படிவத்தைப் பார்த்துவிட்டு, "ஓவுக்கும் ஓவுக்கும் ஏ வராதே அத்தை" என்று விளையாட்டாகச் சொன்னான். நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பார்வை இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது.

கணவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. பையன் சொன்னது சரியா? சரி என்றால் எங்கே தப்பு நடந்திருக்கும்?

பயாலஜி_டீச்சர் | புதன், காலை 6.10

பையன் போட்ட கணக்கு சரி. ஆனால் கணக்கில் போட்ட விவரம் சரியா என்பது வேறு விஷயம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம் எல்லோரிடமும் 9-ஆவது குரோமோசோமில் ஏபிஓ மரபணு இருக்கிறது. இரண்டு பிரதி: ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. அந்த இடத்தில் ஏ, பி, ஓ மூன்றில் எதுவும் உட்காரலாம். ஏயும் பியும் வாயாடிகள், ஓ ஊமை. ஏ பக்கத்தில் ஓ உட்கார்ந்தால் ஏ குரல்தான் கேட்கும். ஏயும் பியும் சேர்ந்தால் இரண்டு குரலும் கேட்கும், அதுதான் ஏபி. இரண்டும் ஊமையாக இருந்தால்தான் ஓ வகை.

அதனால் ஓ வகைக்காரர் பிள்ளைக்கு ஓவைத் தவிர வேறு எதையும் கொடுக்க முடியாது. இரண்டு பேருமே ஓ என்றால் பிள்ளைக்கும் ஓதான். ஆனால் ஏ வகைக்காரர் கார்டைப் பார்த்து அவர் ஏஏவா ஏஓவா என்று சொல்ல முடியாது. அப்பா ஏஓ, அம்மா பிஓ என்றால் ஏ, பி, ஏபி, ஓ நான்கும் வரலாம். ஒரே வீட்டில் நாலு பிள்ளைக்கு நாலு வகை! "அப்பா ரத்தம்தான் பிள்ளைக்கு வரும்" என்று எங்கள் பக்கம் இன்னும் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

ஓ ஏன் ஊமை என்று மாணவர்கள் கேட்பார்கள். 1990-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான ஓ மரபணுக்களில், 261-ஆவது இடத்தில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது. பஸ்ஸில் ஒருவர் எழுந்ததும் பின்னால் இருப்பவர்கள் எல்லாம் ஒரு சீட் முன்னே தள்ளி உட்கார்ந்த மாதிரி, அந்த எழுத்துக்குப் பிறகு எல்லாம் இடம் மாறிவிடும். வேலை செய்கிற நொதி உருவாகாது.

லேப்_சித்தப்பா | புதன், காலை 7.35

31 வருடம் ரத்த வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். தங்கச்சி, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. நான் கேட்பதற்குப் பதில் சொல்.

உன் கணவர் எப்போதாவது ரத்தம் கொடுத்திருக்கிறாரா? ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா? லைசென்ஸ் தவிர வேறு எங்கேயாவது அவர் ரத்த வகை எழுதி இருக்கிறதா?

லைசென்ஸில் இருக்கிற ரத்த வகை நாம் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுப்பது. அங்கே யாரும் விரலைக் குத்திப் பார்ப்பதில்லை. இத்தனை வருடத்தில் இந்த மாதிரி முகத்தோடு என்னிடம் வந்த குடும்பங்கள் உண்டு. மறுபடி எடுத்துப் பார்த்தால் அநேகமாக ஏதாவது ஒரு கார்டு தப்பாக இருக்கும். ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அட்டையைச் சந்தேகப்படு.

திண்ணைக்கச்சேரி | புதன், காலை 9.02

இந்தக் கணக்கு ஒரு ஊர் அறிந்த ஆளையே கோர்ட்டில் நிறுத்தியது தெரியுமா? சார்லி சாப்ளின். ஜோன் பேரி என்ற நடிகை, தன் குழந்தைக்கு அவர்தான் தகப்பன் என்று 1943-இல் வழக்குப் போட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சாப்ளின் ஓ, தாய் ஏ, குழந்தை பி. டீச்சர் சொன்ன கணக்குப்படி, குழந்தையின் பி தாயிடமிருந்தும் வரவில்லை, சாப்ளினிடமிருந்தும் வர வழியில்லை. மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும்.

ஆனால் அப்போது கலிபோர்னியாவில் ரத்தப் பரிசோதனையை முடிவான சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் இல்லை. முதல் ஜூரி முடிவுக்கு வராமல் கலைந்தது. 1945-இல் இரண்டாவது ஜூரி 11-க்கு 1 என்று சாப்ளின்தான் தகப்பன் என்றது. பிள்ளைக்கு 21 வயது ஆகும்வரை பணம் கட்டச் சொன்னார்கள். அறிவியல் ஒரு பக்கம், தீர்ப்பு ஒரு பக்கம்.

தேன்மிட்டாய் | புதன், காலை 9.20

திண்ணை அண்ணா, எனக்கு ஆறுதல் சொல்ல வந்தீர்களா, பயம் காட்ட வந்தீர்களா?

லேப் சித்தப்பா, அவர் ரத்தம் கொடுத்ததே கிடையாது. ஊசி என்றாலே வியர்க்கும். ஆபரேஷனும் இல்லை. லைசென்ஸ் மட்டும்தான்.

கறுப்புக்கோட்டு | புதன், காலை 10.45

திண்ணை சொன்னதற்கு நம் ஊர் நிலவரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் யாராவது நாளைக்கே கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நம் சட்டத்தில் திருமணம் நிலைத்திருக்கும்போது பிறக்கிற பிள்ளை அந்தக் கணவரின் பிள்ளைதான் என்பது அனுமானம். சாட்சியச் சட்டத்தின் 112-ஆவது பிரிவாக இருந்தது. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. 1993-இல் ஒரு மேற்கு வங்க வழக்கில், கேட்டவுடனே ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாரோ ஒருவருக்குச் சந்தேகம் வந்தது என்பதற்காக ஒரு பிள்ளையின் பெயரைக் கெடுக்க முடியாது. நாத்தனார் பார்வைக்குச் சட்டத்தில் மதிப்பு எதுவும் இல்லை, நிம்மதியாக இருங்கள்.

இன்னொன்று. ரத்த வகையை வைத்து "இவர் தகப்பன் அல்ல" என்று சொல்ல இடம் உண்டு. "இவர்தான் தகப்பன்" என்று சொல்ல வழியே இல்லை. ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும் அடையாளம் அது. அதற்கு டிஎன்ஏதான்.

பம்பாய்வாசி | புதன், பகல் 1.15

இத்தனை பேர் பேசியும் பம்பாய் வகையை யாரும் எடுக்கவில்லையே! 20 வருடமாக மும்பையில் இருப்பவன், விட்டால் ஊருக்கே துரோகம்.

1952-இல் அங்கேதான் டாக்டர் பெண்டேயும் அவருடைய குழுவும் இதைக் கண்டறிந்தார்கள். ஏ, பி, ஓ எந்த ரத்தமும் ஒத்துப்போகாத ஆட்கள். பரிசோதித்தால் ஓ மாதிரித் தெரியும், ஆனால் ஓ ரத்தமும் சேராது.

காரணம் இதுதான். சிவப்பணுவின் மேல் ஹெச் என்று ஒரு அடிப்படைப் பொருள் இருக்கிறது. அதைச் சுவரில் அடித்த ஆணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ மரபணு அந்த ஆணியில் ஒரு மாலையைத் தொங்கவிடும், பி வேறொரு மாலையைத் தொங்கவிடும். ஓ ஒன்றும் செய்யாது, ஆணி வெறுமனே இருக்கும். பம்பாய் வகையில் ஆணியே இல்லை. ஆணியை அடிக்கிற மரபணு 19-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதன் இரண்டு பிரதியும் கெட்டுப்போனால் கையில் ஏ மாலை இருந்தாலும் மாட்ட இடம் கிடையாது. பார்ப்பவருக்கு ஓ.

கவனியுங்கள், மாட்ட இடம் இல்லையே தவிர மாலை கையில் இருக்கிறது! அதைப் பிள்ளைக்குக் கொடுப்பார். பிள்ளைக்கு ஆணி மற்றவரிடமிருந்து வந்துவிடும். ஓ என்று எழுதப்பட்ட அப்பாவுக்கு ஏ பிள்ளை பிறக்கும். எந்தப் புத்தக அட்டவணையிலும் இது இருக்காது.

லேப்_சித்தப்பா | புதன், பகல் 2.40

பம்பாய்வாசி சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் அது இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்குத்தான். ஐரோப்பாவில் 10 லட்சத்தில் ஒருவர் என்பார்கள். வாசலில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் ஐராவதம் வருகிறது என்று எழுந்து ஓடக்கூடாது. முதலில் அட்டை, அப்புறம் பம்பாய்.

எப்படித் தப்பு வருகிறது என்று சொல்கிறேன். சின்ன லேபில் வெள்ளை டைல் ஒன்றில் மூன்று சொட்டு ரத்தம் வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பரிசோதனை மருந்து விடுவார்கள். ஒன்றில் ஆன்டி ஏ, நீல நிறம். இன்னொன்றில் ஆன்டி பி, மஞ்சள். மூன்றாவது ஆன்டி டி, பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்க்க, நிறமே இருக்காது. குச்சியால் கலக்கி டைலை இப்படியும் அப்படியும் சாய்ப்பார்கள். ஒத்துப்போனால் பால் திரிந்த மாதிரி சிவப்புத் துகள் துகளாகப் பிரியும். இல்லாவிட்டால் வழவழவென்று அப்படியே இருக்கும். இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். இடையில் போன் வந்து பேசப் போனால் ஓரம் காய்ந்து, திரியாததும் திரிந்த மாதிரித் தெரியும். சில பேருக்கு ஏ வலுவில்லாமல் இருக்கும், திரிந்தும் திரியாமல் மங்கலாக நிற்கும். ஏ2 என்கிற வலுக்குறைந்த ஏயோடு பியும் உள்ள ஏ2பி ஆளைப் பி என்று எழுதிவிடுவது எங்கள் தொழிலில் பழைய கதை. இதெல்லாம் போதாதென்று, பத்துக் குழாய் வரிசையாக இருக்கும்போது பெயர் மாற்றி ஒட்டுவது.

ரத்த வங்கியில் இதோடு விடமாட்டோம். ரிவர்ஸ் குரூப்பிங் என்று ஒன்று உண்டு. அந்த ஆளின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரிகிற தெளிநீரை எடுத்து, வகை தெரிந்த ஏ அணு, பி அணு, ஓ அணுவோடு சேர்த்துப் பார்ப்போம். முன்பக்கம் வந்த விடையும் பின்பக்கம் வந்த விடையும் பொருந்தினால்தான் கார்டு. பம்பாய் ஆளின் குட்டு அங்கேதான் வெளிப்படும். ஓ அணுவோடும் திரியும்.

தங்கச்சி, நீயும் அவரும் பிள்ளையும் மூன்று பேரும் ஒரே நாளில் ரத்த வங்கி இருக்கிற இடத்தில் எடுத்துவிடுங்கள். அவருக்கு ஊசி பயம் என்றால் படுத்துக்கொண்டே எடுக்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மாமன்_மகள் | புதன், மாலை 5.05

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் அத்தை மகனைக் கட்டியவள். இருவருக்கும் பி பாசிட்டிவ். "ரத்தம் ஒன்றாக இருக்கிறது, பிள்ளைக்கு ஊனம் வரும்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி ஆரம்பித்துவிட்டார். இப்போது 3 மாதம்.

பயாலஜி_டீச்சர் | புதன், மாலை 6.30

வாழ்த்துகள் மா. பாட்டி இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொண்டார். நம் மொழியில் "ரத்த சொந்தம்" என்ற ஒரு சொல் இருப்பதால் வந்த வினை. கணவன் மனைவிக்கு ஒரே ரத்த வகை இருந்தால் பிள்ளைக்குக் கெடுதல் எதுவும் இல்லை. அப்படி இருந்தால் ஊரில் பாதிப் பேர் கல்யாணமே செய்துகொள்ள முடியாது.

சொந்தத்தில் கட்டுவது தனி விஷயம். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த கெட்டுப்போன மரபணுப் பிரதி இரண்டு பக்கமும் இருக்கலாம், பிள்ளையிடம் இரண்டும் சேரும் வாய்ப்பு கூடும். ரத்த வகை வேறாக இருந்தாலும் அந்த வாய்ப்பு இருக்கிறது. பம்பாய் வகையே இதற்கு நல்ல உதாரணம், நெருங்கிய சொந்தத்தில் கட்டுகிற குடும்பங்களில் அது அதிகம் தென்படும். பயப்படச் சொல்லவில்லை, மருத்துவரிடம் சொந்தத்தில் கட்டியதை முதலிலேயே சொல்லிவிடு. ஸ்கேனைத் தள்ளிப்போடாதே.

நீங்கள் இருவருமே பாசிட்டிவ், அதனால் ஆர்ஹெச் தொல்லையும், அதாவது பாசிட்டிவ் நெகட்டிவ் ஒத்துப்போகாத தொல்லையும் இல்லை.

புது_அப்பா | புதன், இரவு 8.12

ஆர்ஹெச் என்றதும் கேட்கிறேன். எங்கள் இருவருக்கும் பாசிட்டிவ், பிறந்து மூன்று நாளான பையனுக்கு நெகட்டிவ் என்று எழுதியிருக்கிறார்கள். இதுவும் அட்டைத் தப்பா?

லேப்_சித்தப்பா | புதன், இரவு 8.40

இல்லை தம்பி, இது நடக்கும். நெகட்டிவ்தான் இங்கே ஊமை. நீங்கள் இருவரும் ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ் வைத்திருந்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இருவரும் நெகட்டிவாக இருந்து பிள்ளை பாசிட்டிவ் என்றால்தான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன்.

ஆனால் பச்சைக் குழந்தையின் ஏபிஓ வகையை ஒரு வயதுக்கு மேல் இன்னொரு முறை எடுத்துக்கொள். பிறந்தபோது ஏ, பி அடையாளங்கள் வலு குறைவாக இருக்கும். ரிவர்ஸும் செய்ய முடியாது, சில மாதம் போனால்தான் குழந்தைக்குச் சொந்த எதிர்ப்பொருள் வரும்.

தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்பதுதான் கவனிக்க வேண்டிய ஜோடி. 28-ஆவது வாரம் ஒரு ஆன்டி டி ஊசி, குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அப்போது தாய் உடம்பில் உருவாகிற எதிர்ப்பொருளால் அடுத்த பிள்ளைக்குத்தான் ஆபத்து. அதனால்தான் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். கரு கலைந்தாலும் ஊசி வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒரு மனிதர் இந்த ஊசி மருந்துக்காகவே 1,173 முறை ரத்தமும் பிளாஸ்மாவும் கொடுத்தார். 2025-இல்தான் போய்ச் சேர்ந்தார். ஊசி குத்தும்போது கையைப் பார்க்கவே மாட்டாராம். தங்கச்சி, இதை உன் வீட்டுக்காரரிடம் சொல்.

கணக்குப்புலி | புதன், இரவு 10.20

தாமதமாக வந்தாலும் என் பங்கை விடமாட்டேன். இந்த "மூன்று எழுத்து, ஒரே இடம்" கணக்கைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்ல, எங்கள் ஆள்!

லாண்ட்ஸ்டைனர் 1901-இல் வியன்னாவில் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டினார். அது பரம்பரையாக வருகிறது என்று 1910-இல் ஹைடல்பர்க்கில் டுங்கர்னும் ஹிர்ஷ்ஃபெல்டும் காட்டினார்கள். ஆனால் ஏக்கு ஒரு இடம், பிக்குத் தனி இடம் என்று நினைத்தார்கள். 14 வருடம் எல்லோரும் அதையே நம்பினார்கள். 1924-இல் கோட்டிங்கனில் இருந்த கணித மேதை பெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்.

உதாரணத்துக்கு, ஒரு ஊரில் 100 பேரில் 40 பேரிடம் ஏ இருக்கிறது, 30 பேரிடம் பி இருக்கிறது. தனித்தனி இடம் என்றால் இரண்டும் சேர்ந்தவர்கள் 40-இல் 30 சதவீதம், அதாவது 12 பேர் இருக்க வேண்டும். ஒரே இடத்துக்கு மூன்று பேர் போட்டி என்று போட்டால் 7 பேர்தான் வருவார்கள். நிஜமான எண்ணிக்கைகள் எல்லாம் இந்த 7 பக்கமே நின்றன.

அந்த எண்ணிக்கைகள் எங்கிருந்து வந்தன? முதல் உலகப் போரில் சலோனிகா போர்முனையில் ஹிர்ஷ்ஃபெல்டும் அவர் மனைவி ஹன்காவும் பல நாட்டுப் படையினரின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள், பெரும்பாலான கூட்டங்களில் சுமார் 500 பேர். பி அதிகமாக இருந்தது யாரிடம் தெரியுமா? பிரிட்டிஷ் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடம். ஊர் பேர் தெரியாத நம் ஆட்கள் கொடுத்த சொட்டு ரத்தமும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

பழைய கணக்குப்படி ஏபிக்கும் ஓவுக்கும் ஓ பிள்ளை பிறக்கலாம். பெர்ன்ஸ்டைன் கணக்குப்படி ஏ அல்லது பி மட்டும்தான். 1924-க்கு முன்னால் எத்தனை பேர் இந்தக் கணக்கைத் தப்பாக நம்பிச் சண்டை போட்டார்களோ.

பயாலஜி_டீச்சர் | வியாழன், காலை 6.05

புலி, அதற்கும் ஒரு விலக்கு இருக்கிறது. ஏயும் பியும் ஒரே பிரதியில் ஒட்டிக்கொண்டு வருகிற சிஸ் ஏபி. ஜப்பான், கொரியா பக்கம் கொஞ்சம் தென்படும். அந்த வீட்டில் ஏபிக்கும் ஓவுக்கும் ஏபி பிள்ளையே பிறக்கும், ஓ பிள்ளையும் பிறக்கும். தேர்வில் எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போடமாட்டோம்.

தேன்மிட்டாய் | சனி, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை இரவு கணவரிடம் இந்த இழையை முழுக்கப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "லைசென்ஸ் எடுத்தபோது ரத்த வகை தெரியாது என்றேன், டிரைவிங் ஸ்கூலில் இருந்தவர் அவரே ஏதோ எழுதிக்கொண்டார்" என்றார். தன்னோடு சேர்ந்து லைசென்ஸ் எடுத்த நண்பருக்குப் போன் போட்டார். அவருக்கும் ஓ பாசிட்டிவ். இன்னொருவருக்குப் போட்டார். அவருக்கும் ஓ பாசிட்டிவ்!

இன்று காலை மூன்று பேரும் ரத்த வங்கிக்குப் போனோம். எனக்கு ஓ, மகளுக்கு ஏ. அவருக்கு ஏ பாசிட்டிவ். இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கார்டு கொடுத்தார்கள், சித்தப்பா சொன்ன மாதிரியே. வந்தது வந்துவிட்டோம் என்று அவர் ஒரு யூனிட் ரத்தமும் கொடுத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார். ஹாரிசன் கதை வேலை செய்கிறது.

நான் விடுவேனா? திரும்பும் வழியில் நாத்தனார் வீட்டுக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன். கார்டு மூன்றையும் மேஜையில் வைத்தேன். பையன்தான் முதலில் எடுத்துப் பார்த்து, "மாமா ஏஓ, அத்தை ஓஓ, சரியாக வருகிறது" என்றான். நாத்தனார் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போனார். காபி போடப் போகிறார் என்று நினைத்தேன். கைப்பையோடு வந்தார், அதிலிருந்து தன் லைசென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவரும் அதே டிரைவிங் ஸ்கூல்தான்.

திண்ணைக்கச்சேரி | சனி, இரவு 9.41

ஓ பாசிட்டிவ்?

தேன்மிட்டாய் | சனி, இரவு 9.43

ஓ பாசிட்டிவ்.

லேப்_சித்தப்பா | சனி, இரவு 10.15

அவரையும் எடுத்துக்கொள்ளச் சொல். நீயே கூட்டிக்கொண்டு போ தங்கச்சி. திங்கட்கிழமை வேண்டாம், கூட்டமாக இருக்கும்.